வீட்டில் கட்டிய ஸ்போர்ட்ஸ் காரின் ஸ்டீரிங்: பணம் கொடுக்கும் முன் மூடியைக் கழற்றிப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வீட்டில் கட்டிய இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் காரை இரண்டாம் கையாக வாங்க நினைக்கும் நம் இளைஞர்களுக்காக இந்தக் கடிதத்தை எழுதுகிறோம். சதுரக் குழாயில் சட்டம் அடித்து, பழைய கரோலா, டாட்சன் போன்ற பின்சக்கர இயக்கக் கார்களின் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் பொருத்திக் கட்டும் இந்த வகைக்கு மூலம், 1957ல் வந்த லோட்டஸ் செவன். 1973ல் அதன் உரிமை கேட்டர்ஹாம் நிறுவனத்துக்குப் போனது. அந்த வடிவத்தைத் தங்கள் கொட்டகையிலேயே கட்டுபவர்கள் இன்றும் பல நாடுகளில் இருக்கிறார்கள். கைத்திறன் உள்ளவர்கள் கட்டட்டும், நல்லதுதான். ஆனால் வாங்குபவர் எஞ்சின் சத்தத்தைக் கேட்கிறார், பெயிண்டைத் தடவிப் பார்க்கிறார், ஸ்டீரிங்கை மட்டும் பார்க்காமல் பணத்தை எண்ணிக் கொடுக்கிறார். எங்கள் கவலை அதுதான்.

இந்தக் கார்களில் ஸ்டீரிங் ஏன் விசித்திரமாக அமைகிறது என்பதற்குக் காரணம் உண்டு. கார் தாழ்வானது, எடைச் சமநிலைக்காக எஞ்சினைப் பின்னுக்குத் தள்ளி வைத்திருப்பார்கள். அதனால் ஓட்டுநரின் கையிலிருந்து ரேக்குக்கு (முன்சக்கரங்களை இடம் வலம் திருப்பும் பல் கம்பி) போக வேண்டிய தண்டின் வழியில் புகைக்குழாய் மேனிஃபோல்டோ ஸ்டார்ட்டர் மோட்டாரோ எஞ்சின் கட்டையோ குறுக்கே நிற்கும். கட்டியவர் ஏதாவது ஒரு வழியில் சுற்றிப் போயாக வேண்டும். வளைந்தபடியே சுழற்சியைக் கடத்தும் யூனிவர்சல் ஜாயிண்ட் மூன்று போட்டு வளைப்பார். இரண்டு பல்சக்கரமும் ஒரு மோட்டார்சைக்கிள் சங்கிலியும் போட்டுத் தண்டைப் பக்கவாட்டில் நகர்த்துவார். அல்லது ரேக்கையே தலைகீழாகத் திருப்பி அச்சுக்கு முன்னால் வைப்பார். மூன்றையும் ஒழுங்காகச் செய்ய முடியும். விசித்திரமாக இருப்பதாலேயே ஒரு காரை ஒதுக்க வேண்டாம். எந்த இணைப்பு எதனால் பிடித்து நிற்கிறது என்று கண்ணால் பார்க்க முடியாத காரை மட்டும் கட்டாயம் ஒதுக்குங்கள்.

"புஸ்பாகோம் வாகனப் பரிசோதனைக்குப் போய் வந்த கார்தானே" என்று விற்பவர் சொல்லக்கூடும். அங்குள்ள சைடு ஸ்லிப் தட்டு, நேராக உருளும் சக்கரம் பக்கவாட்டில் எவ்வளவு இழுக்கிறது என்பதைத்தான் காட்டும். டேஷ்போர்டுக்குப் பின்னால் அலுமினிய மூடிக்குள் இருக்கும் கிரப் ஸ்குரூ (தண்டை அழுத்திப் பிடிக்கும் தலையில்லாத சிறு திருகு) அதற்குத் தெரியாது. அதை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

சோதனைக்குக் காரை லிஃப்டில் ஏற்றுங்கள். லிஃப்ட் இல்லையென்றால் சமதளத்தில் நான்கு ஸ்டாண்டில் சட்டத்தைத் தாங்க வைத்து நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே படுக்க வேண்டாம். கூட ஒருவர் இருக்க வேண்டும். டார்ச், ஸ்டீல் ரூலர், வெர்னியர், வெள்ளை மார்க்கர், ஒரு டயல் கேஜ், ஸ்பேனர் செட் போதும். நேரம் அரை நாள் ஆகும். மூடிகளைக் கழற்ற விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால் அங்கேயே திரும்பிவிடுங்கள்.

தூக்குவதற்கு முன், சக்கரங்கள் தரையில் நேராக இருக்கும்போதே, ஸ்டீரிங் விளிம்பில் ஒரு விரலால் இடமும் வலமும் ஆட்டிப் பாருங்கள். முன்சக்கரம் அசையத் தொடங்கும் வரை விளிம்பு எவ்வளவு சும்மா நகர்கிறது என்று ரூலரால் அளங்கள். ரேக் உள்ள காரில் 13 மி.மீ.க்கு மேல் போனால் எங்கோ தேய்மானமோ தளர்ச்சியோ இருக்கிறது. அந்த இடத்தைக் கண்டுபிடிக்கக் கூட்டாளியைத் தொடர்ந்து ஆட்டச் சொல்லிவிட்டு, ஸ்டீரிங் ஹப்பிலிருந்து தொடங்கி ஒவ்வோர் இணைப்பின் மேலும் கையை வைத்துக்கொண்டே போங்கள். இணைப்பின் ஒரு பக்கம் திரும்பி மறுபக்கம் தாமதமானால் விரலுக்கே தெரிந்துவிடும். கழற்றி மாட்டும் குவிக் ரிலீஸ் ஹப் இருந்தால் அதை முதலில் சந்தேகப்படுங்கள். அறுகோண வகை சீக்கிரம் தேயும். நீளவாக்கில் பல் வெட்டிய ஸ்ப்லைன் வகை நின்று உழைக்கும்.

சங்கிலி உள்ள காரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைப் பார்த்தவுடன் எல்லோரும் கேட்பது "சங்கிலி அறுந்துவிட்டால்?" என்பதுதான். கேள்வி நியாயமானது, ஆனால் ஆபத்து பெரும்பாலும் வேறிடத்தில் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 520 எண் சங்கிலியின் கண்ணிகளுக்கு இடையே 15.875 மி.மீ. 15 பல் உள்ள சக்கரம் என்றால் அதன் வட்டத்தின் ஆரம் சுமார் 38 மி.மீ. ஸ்டீரிங்கின் விட்டம் 350 மி.மீ. என்றால் ஆரம் 175. ஆக, விளிம்பில் கொடுக்கும் பலம் சங்கிலியில் ஏறக்குறைய நாலரை மடங்காகும். நிறுத்துமிடத்தில் 12 கிலோ கொடுத்துத் திருப்பினால் சங்கிலியில் 55 கிலோ. பதறி 40 கிலோ கொடுத்து இழுத்தால் 180 கிலோவுக்குச் சற்று மேல். நல்ல 520 சங்கிலி அறுபட 2 டன்னுக்கு மேல் வேண்டும். கண்ணி தாங்கும். தாங்காதவை அதைச் சுற்றியுள்ள மற்ற பொருள்கள்.

முதலில் சங்கிலியின் சேர்ப்புக் கண்ணி. மோட்டார்சைக்கிளில் பரவலாக இருக்கும் கிளிப் வகையை ஸ்டீரிங்கில் ஏற்கவே கூடாது. கிளிப் தெறித்தால் பக்கத் தகடு கழன்று வரும், அதன் பிறகு கையில் ஸ்டீரிங் சும்மா சுற்றும். ரிவிட் அடித்த கண்ணியாகவோ சேர்ப்பே இல்லாத முழுச் சங்கிலியாகவோ இருக்க வேண்டும். இரண்டாவது, பல்சக்கரம் தண்டில் எப்படிப் பிடித்திருக்கிறது. ஸ்ப்லைனில் ஏறி நட்டால் இறுகியிருந்தால் நல்லது. தண்டுக்கும் பல்சக்கரத்துக்கும் இடையே கீ என்ற சிறு கட்டை வைத்து, தள்ளிப்போகாமல் தடுப்பு இருந்தால் பரவாயில்லை. வெறும் கிரப் ஸ்குரூ மட்டும் என்றால் அந்தக் காரை ஓட்டிப் பார்க்கவும் வேண்டாம். மூன்றாவது, பேரிங். மேல்தண்டுக்கும் கீழ்த்தண்டுக்கும் தலா இரண்டு, மொத்தம் நான்கு பேரிங் வேண்டும். ஒரே பேரிங்கில் தொங்கும் தண்டு, சங்கிலி இழுக்கும்போது சாயும். சாய்ந்தால் சங்கிலி தளரும். தளர்ந்தால் பல் தாண்டும். 15 பல் சக்கரத்தில் ஒரே ஒரு பல் தாண்டினால் ஸ்டீரிங் 24 பாகை கோணலாகிவிடும். வளைவில் இது நடந்தால் ஓட்டுநருக்கு யோசிக்கக்கூட நேரம் இருக்காது.

நான்காவது, பேரிங்குகளைத் தாங்கும் தகடு. 3 மி.மீ. தகட்டை மடக்காமல் அப்படியே நிறுத்தியிருந்தால், கூட்டாளி ஸ்டீரிங்கைப் பலமாகத் திருப்பும்போது தகடு நெளிவதைக் கண்ணால் பார்க்கலாம். பெட்டிபோல் நாலு பக்கமும் மூடிய கூடு, அல்லது இரண்டு தடித்த தகடுகளும் இடையில் தூண்களும் இருப்பதே சரி. ஐந்தாவது, இறுக்கம் சரிசெய்யும் இடம். நீளத்துளையில் போல்டை முறுக்கி நிறுத்தியிருந்தால், தோட்டத்துச் சாலையின் அதிர்ச்சியில் அது மெல்ல நழுவும். பின்னாலிருந்து தள்ளிப் பிடிக்கும் ஜாக் போல்டும் லாக் நட்டும் கட்டாயம் வேண்டும்.

சங்கிலியின் தேய்மானத்தை அளப்பது எளிது. இழுத்துப் பிடித்து 20 கண்ணி நீளத்தை அளங்கள். புதிதில் 317.5 மி.மீ.; 320.7 மி.மீ.யைத் தொட்டால் ஒரு சதவீதம் நீண்டுவிட்டது, மாற்ற வேண்டும். சங்கிலி இறுகுவதற்குள் 2 மி.மீ. சும்மா ஓடினாலே ஸ்டீரிங் விளிம்பில் 9 மி.மீ. ஆட்டமாகத் தெரியும். நம் பக்கத்துச் செம்மண் தூள் கிரீஸில் கலந்தால் தேய்க்கும் பசையாகவே மாறிவிடும். மழைக்காலத்தில் அதில் ஈரமும் சேரும். எனவே சங்கிலிக்கு மூடி வேண்டும். அந்த மூடி நாலு ஸ்குரூவில் கழன்று வர வேண்டும், ரிவிட் அடித்து நிரந்தரமாக மூடியிருக்கக் கூடாது. மேனிஃபோல்டுக்கு அருகில் என்றால் வெப்பத்தில் எண்ணெய் காய்ந்துபோகும். இடையில் வெப்பத்தகடு இருக்கிறதா பாருங்கள்.

சங்கிலிக்குப் பதில் இரண்டு பல்சக்கரங்களை நேரடியாகப் பல்லோடு பல் பொருத்தியிருந்தால் சுழலும் திசை மாறிவிடும் என்பதை நினைவில் வையுங்கள். சங்கிலி திசையை மாற்றாது. கட்டியவர் திசையைத் திருப்புவதற்காகவே பல்சக்கரம் போட்டிருக்கலாம், ஏனென்றால் ரேக்கை இடம் மாற்றும்போது திசை புரளும். தண்டு பின்னாலிருந்து வரும் சாதாரண அமைப்பில் விதி இதுதான்: ரேக் அச்சுக்குப் பின்னால் இருந்தால் பினியன் (தண்டின் முனையில் ரேக்கைத் தள்ளும் சிறு பல்சக்கரம்) ரேக்குக்கு மேலே இருக்கும், ரேக் முன்னால் இருந்தால் பினியன் கீழே இருக்கும். இடது ஓட்டுநர் காரின் ரேக்கைத் தலைகீழாகத் திருப்பினால் பினியன் வலது பக்கம் வந்து சேரும், அதோடு திசையும் மாறும். பின்னாலிருந்த ரேக்கை முன்னால் கொண்டுவந்தவருக்கு இது வசதியான ஏற்பாடு. தவறில்லை. ஆனால் எண்ணெய் நிரப்பும் பழைய ரேக் தலைகீழானால் எண்ணெய் சீல் வழியாக வடியும், மேலே இருக்கும் புஷ் காய்ந்து கிடக்கும். ரப்பர் உறைகளைத் தளர்த்தி உள்ளே பாருங்கள். கிழிந்த உறைக்குள் சிவப்பு மண் தெரிந்தால் அந்த ரேக்கை மாற்றத்தான் வேண்டும்.

முன்சக்கரத் தாங்கிகளை இடம் வலம் மாற்றிப் போட்டு அவற்றிலிருந்து நீளும் ஸ்டீரிங் கைகளை முன்பக்கம் பார்க்க வைத்திருந்தால் அக்கர்மன் கோணம் (வளைவில் உள்சக்கரத்தைக் கூடுதலாகத் திருப்பும் அமைப்பு) தலைகீழாகும். வளைவில் உள்சக்கரம் குறைவாகவும் வெளிச்சக்கரம் அதிகமாகவும் திரும்பி டயர் தேயும், சிறு வட்டத்தில் கீச்சிடும். பின்பக்கம் நீளும் கைகளின் நீட்சிக்கோடுகள் பின் அச்சின் நடுவை நோக்கிச் சேர வேண்டும். ஒரு நூல் பிடித்தால் தெரிந்துவிடும்.

இனி யூனிவர்சல் ஜாயிண்ட். ஒரு ஜாயிண்ட் 30 பாகை வளைந்தால் ஒரே சுற்றில் இருமுறை வேகம் 0.87 மடங்காகவும் 1.15 மடங்காகவும் மாறும். கையில் இறுக்கம், தளர்ச்சி, இறுக்கம், தளர்ச்சி என்று தெரிவது இதுதான். இரண்டு ஜாயிண்ட்களும் ஒரே அளவு, ஒரே தளத்தில் வளைந்து, நடுத்தண்டின் இரு முனைக் கவைகளும் ஒரே கோட்டில் இருந்தால் ஒன்றின் கோளாறை மற்றது ஈடுகட்டும். ஒரு கவையை ஒரு ஸ்ப்லைன் தள்ளி மாட்டினாலும் ஈடு கெட்டுப்போகும். 35 பாகைக்கு மேல் வளைந்த ஜாயிண்டை ஏற்காதீர்கள். மூன்று ஜாயிண்ட் உள்ள இடத்தில் நடுவில் சட்டத்தோடு பிடித்த ஒரு தாங்கு பேரிங் கட்டாயம். அது இல்லையென்றால் தண்டு திரும்புவதற்குப் பதில் வெளியே முழங்கை மடக்கும். இந்த ஒரு பேரிங்கைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

ஜாயிண்டைத் தண்டில் பிடிக்கும் போல்டு, தண்டில் வெட்டிய காடியின் வழியாகப் போக வேண்டும். காடி இல்லாமல் இறுக்கம் மட்டும் பிடித்திருந்தால் என்றாவது தண்டு நழுவி வெளியே வரும். போல்டின் தலையில் 8.8 என்ற வலிமை எண் பொறித்திருக்கிறதா பாருங்கள். பளபளக்கும் ஸ்டெயின்லெஸ் போல்டு அழகுக்காகப் போடுவது. ஏ2-70 என்று பொறித்தது 450 மெகாபாஸ்கலில் நிரந்தரமாக நீளத் தொடங்கும், 8.8 போல்டுக்கு அந்த எல்லை 640.

தண்டைச் சுருக்க வெட்டி ஒட்டியிருந்தால் வெல்டிங்கைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். முனைக்கு முனை வைத்து வளையமாக ஒட்டியது ஏற்கத்தக்கதல்ல, வெல்டர் எவ்வளவு திறமைசாலியானாலும் சரி. வெளியே ஓர் உறைக்குழாய் ஏற்றி, துளை வழியாகவும் ஒட்டி, குறுக்கே பின் அடித்ததுதான் முறை. ஜாயிண்டுக்கு அருகில் நீலம் பூத்திருந்தால் ஊசிப் பேரிங்கின் கிரீஸ் எரிந்திருக்கும். விரிசல் சந்தேகம் வந்தால் டை பெனட்ரன்ட் தெளிப்பான் வாங்குங்கள்: துடைப்பான், சிவப்புச் சாயம், வெள்ளைப் பூச்சு என மூன்று டப்பா. துடைத்து, சாயம் அடித்து 10 முதல் 20 நிமிடம் விட்டு, மேலே இருப்பதைத் துடைத்துவிட்டு வெள்ளை அடித்தால் விரிசல் இருக்கும் இடத்தில் சிவப்புக் கோடு எழும். பெயிண்டைச் சுரண்டிவிட்டுத்தான் அடிக்க வேண்டும்.

பவர் ஸ்டீரிங் ரேக்கைப் பம்ப் இல்லாமல் பொருத்திய கார்களும் கிடைக்கின்றன. இரண்டு குழாய்களையும் வளைத்து ஒன்றோடொன்று கோத்திருப்பார்கள். பினியனுக்கு மேலே வால்வுக்குள் இருக்கும் முறுக்குக் கம்பி எண்ணெய் அழுத்தம் இல்லாதபோதும் முறுகுவதால், சில பாகை ஆட்டம் எப்போதும் இருக்கும். ரேக் தேய்ந்துவிட்டது என்று தப்பாக நினைத்து அட்ஜஸ்டரை இறுக்கிவிட்டால், நடுவில் சரியாகவும் ஓரங்களில் கெட்டியாகவும் ஆகி, திருப்பிய ஸ்டீரிங் தானாக நேருக்குத் திரும்பாது. வால்வை வெல்டிங் செய்து பூட்டியிருந்தால் அந்த வெல்டிங்கையும் மேலே சொன்ன முறையில் சோதியுங்கள்.

ரேக் சட்டத்தில் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதற்கு ஒரு நிமிடம் போதும். கூட்டாளி ஸ்டீரிங்கை ஆட்டும்போது ரேக்கின் உடம்பு பக்கவாட்டில் நகரக் கூடாது. 25 மி.மீ. சதுரக் குழாயின் சுவர் 1.6 மி.மீ.தான், உள்ளே குறுக்குக் குழாய் வைத்து ஒட்டாமல் போல்டு போட்டால் குழாய் நசுங்கும், போல்டு தானாகத் தளரும்.

அடுத்து, ரேக்கை ஸ்டீரிங் கையோடு இணைக்கும் டை ராட். புரோட்டோன் சாகா ரேக்குக்குக் கரோலா தாங்கி, பெரோடுவா கஞ்சில் ரேக்குக்கு வேறெதன் தாங்கியோ என்று கலந்திருக்கும்போது பால் ஜாயிண்டின் கூம்பும் அது உட்காரும் துளையின் கூம்பும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். கூம்பில் மார்க்கர் பூசி, உட்கார வைத்து, சிறிது திருப்பி எடுங்கள். மை முழு நீளத்துக்கும் அழிந்திருந்தால் சரி. ஓர் ஓரத்தில் மட்டும் வளையமாக அழிந்திருந்தால் அது ஆடி ஆடி ஒடியும். திருகு எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்பதும் முக்கியம்: தடிமனின் ஒன்றரை மடங்கு வேண்டும், 12 மி.மீ. திருகுக்கு 18 மி.மீ.

சக்கரங்கள் தொங்கும்போது ஸ்டீரிங்கை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் திருப்பி, நடுவிலிருந்து இரு பக்கமும் சுற்று எண்ணிக்கை சமமா என்று பாருங்கள். கடைசி வரை திருப்பிய நிலையில் டை ராட்டும் ஸ்டீரிங் கையும் ஒரே நேர்கோட்டை நெருங்கினால் மிகவும் கவனமாக இருங்கள். இரண்டுக்கும் இடையே 30 பாகையாவது மிச்சம் வேண்டும். நேர்கோட்டைத் தாண்டினால் சக்கரம் மறுபுறம் மடங்கிப் பூட்டிக்கொள்ளும். பிறகு எவ்வளவு பலம் கொடுத்தாலும் திரும்பாது. விரைவாகத் திரும்ப வேண்டும் என்று ஸ்டீரிங் கையைக் குட்டையாக வெட்டிய கார்களில் இது நேரும். ரேக்கின் நிறுத்தம் அதற்கு முன்பே தடுக்க வேண்டும்.

பம்ப் ஸ்டீர் (சக்கரம் மேலும் கீழும் போகும்போது தானாகத் திரும்புவது) சோதனைக்கு ஸ்பிரிங்கோடு டேம்பரைக் கழற்றி, ஸ்டீரிங்கை நடுவில் கட்டி, ஹப்பில் 60 செ.மீ. தட்டைப் பலகை பொருத்துங்கள். சக்கரத்தை 10 மி.மீ. படியாக 50 மேலே, 50 கீழே நகர்த்தி, பலகையின் முன் ஓரமும் பின் ஓரமும் எவ்வளவு விலகுகின்றன என்று டயல் கேஜால் அளங்கள். மொத்த வித்தியாசம் 1 மி.மீ.க்குள் இருந்தால் நன்று. மேலே போகும்போது ஒரு பக்கமும் கீழே போகும்போது எதிர்ப்பக்கமும் திரும்பினால் ரேக்கின் உயரம் தவறு; ஷிம் என்ற மெல்லிய தகடு வைத்துச் சரிசெய்யலாம், செலவு குறைவு. இரண்டு திசையிலும் ஒரே பக்கம் திரும்பினால் ரேக்கின் நீளமே தவறு. வேறு ரேக்தான் வழி. அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.

தண்டு நெடுக ஒரே நேராக, அதுவும் அச்சுக்கு முன்னால் இருக்கும் ரேக்கிலிருந்து வந்தால், முன்னால் மோதும்போது அது நேரே மார்புக்கு வரும். மோதலில் மடங்கும் ஸ்டீரிங் தண்டோ, ஜாயிண்டால் ஒடியும் கோணமோ இருக்க வேண்டும்.

ரப்பர் உறை, டை ராட் எண்ட், சங்கிலி, தேய்ந்த புஷ் ஆகியவை பேரம் பேசும் குறைகள். கிரப் ஸ்குரூவில் நிற்கும் பல்சக்கரம், முனைக்கு முனை ஒட்டிய தண்டு, விரிசல் விட்ட தாங்கு தகடு, நேர்கோட்டைத் தாண்டும் ஸ்டீரிங் கை ஆகியவை அப்படியல்ல. வாங்கியே தீருவேன் என்றால் இழுவை லோரியில் ஏற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். ஈப்போ சாலையில் ஓட்டிவர வேண்டாம். எல்லாம் சரியாக இருந்தாலும் முதல் ஓட்டம் ஆள் நடமாட்டம் இல்லாத தனியார் இடத்தில், 20 கி.மீ. வேகத்தில் இருக்கட்டும். வளைவிலிருந்து பிடியைத் தளர்த்தினால் ஸ்டீரிங் தானாக நேருக்கு வர வேண்டும். கிளம்பும் முன் சங்கிலிக்கும் பல்சக்கரத்துக்கும் தண்டுக்கும் குறுக்கே ஒரு மார்க்கர் கோடு இழுத்து வையுங்கள்; ஓட்டி முடித்ததும் அது நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கிரானில் (வாகனப் பதிவுச் சான்றிதழில்) உள்ள சேசிஸ் எண்ணும் சட்டத்தில் பொறித்த எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். எண் உள்ள துண்டை வேறொரு காரிலிருந்து வெட்டி ஒட்டியிருந்தால் ஸ்டீரிங்கைப் பார்க்கவே தேவையில்லை, விட்டுவிடுங்கள். மாற்றங்களுக்குச் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜே.பி.ஜே.யின் ஒப்புதல் இருக்கிறதா, காப்புறுதி நிறுவனத்துக்கு அது தெரியுமா என்பதையும் பணத்துக்கு முன் எழுத்தில் கேளுங்கள்.

கட்டுபவர்களிடமும் ஒரு வேண்டுகோள். காரை விற்கும்போது ஒரு தாளையும் சேர்த்துக் கொடுங்கள்: ரேக் எந்தக் காரினுடையது, தாங்கி எதனுடையது, சங்கிலியின் எண், இரண்டு பல்சக்கரங்களின் பல் எண்ணிக்கை, பேரிங் எண்கள், எந்த இடத்தில் வெல்டிங், கடைசியாக எப்போது பிரித்துப் பார்த்தீர்கள். சங்கிலி மூடியில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு பார்வைத் துளையும் விடுங்கள்.

இப்படிக்கு,
ஸ்டீரிங், அலைன்மென்ட் பட்டறைத் தொழிலாளர்கள்,
சுங்கை சிப்புட், பேராக்.